தூக்கிச் சாத்த வேண்டிய கதவு

அந்தக் கதவைச் சாத்த மூன்று பேர் வேண்டும். உள்ளே உட்கார ஒருத்தர், வெளியே நின்று தூக்கி அறைய ஒருத்தர், எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்ல ஒருத்தர். உட்காருவது ஜானு. அறைவது தாயம்மா. சொல்வது அவள் கணவர் அம்பி. வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை.

வண்டி ஒரு பழைய ஃபார்கோ பிக்கப். ஜானுவைவிட மூத்தது. சித்திரக்குளத்துக்குப் பின்னால், ஆட்டோ வந்தாலே ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்கிற சந்தில், அடுக்ககத்தின் பாதி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதையோ கேட்டுத் திடுக்கிட்ட முகம் அதற்கு. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியை, ஓய்வு பெற்ற மறு மாதமே அம்பி போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இது எதுக்குன்னா?" என்று கேட்டாள் ஜானு.

"உன் பட்சணத்துக்குத்தான். சீர் கொண்டு போக வண்டி இல்லை, வண்டி இல்லைன்னு சொல்லிண்டிருந்தியே."

அவள் சொன்னது, ஆட்டோக்காரர் மாடவீதி வேகத்தடையில் கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்பதுதான்.

அம்பி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவர். காலமெல்லாம் நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து படம் எடுத்து, இதற்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதியவர். அதனால் வண்டிகளைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. நசுங்கிய வண்டிகளைப் பற்றித் தெரியும் என்பதை ஜானு ஒருநாளும் மறுத்ததில்லை.

ஜானுவின் வாழ்க்கையில் உருப்படியாக நடந்தவை எல்லாம் எரிச்சலில் தொடங்கியவை. கே.கே. நகரிலிருந்து கல்யாணம் ஆகி மயிலாப்பூருக்கு வந்தவள். நாத்தனார் கல்யாணத்துக்குச் சீர் பட்சணம் வெளியில் சொல்லியிருந்தார்கள். வந்த முறுக்கு அச்சில் பிழிந்தது. பிழிந்துவிட்டுக் கையால் சுற்றியதுபோலக் காட்டுவதற்காக ஓரத்தைக் கிள்ளி வைத்திருந்தார்கள். ஜானுவுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அரிசியைக் களைந்து உலர்த்தினாள். யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாள் மாவு விரலுக்கு அடங்கவில்லை. மறுநாள் மூன்று சுற்று வந்தது. அடுத்த வருஷம் ஏழு. இப்போது பதினொரு சுற்று முறுக்கு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, விரலால் முறுக்கி முறுக்கியே சுற்றிவிடுகிறாள். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து நங்கநல்லூர் வரைக்கும் பெண்ணைப் பெற்றவர்கள் அவள் நம்பரை வைத்திருக்கிறார்கள். மகன் அச்யுத் படித்து முடித்துப் பெங்களூரில் இருப்பது அந்த முறுக்கில். அதை அவனும் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை.

கூட இருப்பவள் தாயம்மா. அடையாற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஒன்று கொடுத்தார்கள். அங்கிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கி, மாவு சலித்து, எண்ணெய் காய வைத்து, எடுக்கிற பக்குவம் பார்த்து எடுப்பவள். ஜானு சுற்றுவாள், தாயம்மா சுடுவாள். இருவருக்கும் நடுவே பேச்சு அதிகம் இல்லை. இருப்பதெல்லாம் குறைதான்.

கை முறுக்குக்கு ஒரு குணம் உண்டு. அடுக்கி வைத்தால் வருஷக்கணக்கில் இருப்பதுபோல இறுகி இருக்கும். ஒரு அதிர்ச்சி போதும், வெளிச்சுற்று விட்டுப்போகும். விட்டுப்போனால் அது மூளி. தின்னலாம், சீரில் வைக்கக் கூடாது. சீரில் மூளி முறுக்கு வைப்பது பிள்ளை வீட்டாருக்கு முகத்தில் அடித்ததுபோல. அதனால் பெரிய சுற்று முறுக்குகளை ஜானு பின்னால் ஏற்ற விட மாட்டாள். பிக்கப்பின் பின்பக்கம் தேயிலை மூட்டைக்குச் செய்தது, முறுக்குக்கு அல்ல. தாம்பாளத்தோடு மடியில் வைத்துக்கொள்வாள். அந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே ஸ்ப்ரிங் ஜானுவின் மடிதான்.

மடியில் தாம்பாளம் இருந்தால் கதவைச் சாத்த முடியாது. இல்லாவிட்டாலும் முடியாது. கதவு தொங்கிப்போயிருந்தது. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, தூக்கினபடியே அறைய வேண்டும். ஜானுவுக்கு இடது தோள் இறுகிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. எலும்பு டாக்டர் வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றிருக்கிறார். ஆகவே தாயம்மா வெளியே நின்று இடுப்பைக் கொடுத்துக் கதவைத் தூக்கி அறைவாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மடியில் முறுக்கு ஒரு தரம் எழுந்து உட்காரும்.

போன ஆவணியில் அப்படி எழுந்து உட்கார்ந்ததில் மேல் முறுக்கு விட்டுப்போனது. அடையாறு ஸ்ரீரஞ்சனியின் மூத்த பெண் கல்யாணம். மண்டபத்தில் பிள்ளையின் அத்தை தாம்பாளத்தின் முன் நின்று, விட்டுப்போன சுற்றை ஒரு விரலால் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். வளையலைக் கழற்றி வைப்பதுபோல நிதானமாகத் திரும்ப வைத்தாள். ஜானு அந்த விரலை இன்னும் மறக்கவில்லை.

அந்த ஸ்ரீரஞ்சனியே இரண்டாவது பெண் ஸ்நேஹாவின் கல்யாணத்துக்கு மறுபடி வந்து நின்றாள்.

"வேற யாரும் பதினொண்ணு சுத்தறதில்லை மாமி. அதனாலதான் வந்தேன். இந்தத் தடவையும் மூளியாச்சுன்னா எங்காத்து மனுஷா என்னை உயிரோட விடமாட்டா. இதுவே கடைசி, பார்த்துக்கோங்கோ."

"ஆகாது. நான் கார் பிடிச்சு, மெத்தை போட்டு..."

"காரா? ஐயையோ, சீர் உங்க பிக்கப்லதான் வரணும். ஸ்நேஹா கண்டிஷனா சொல்லிட்டா. வண்டியை எங்கேயோ போட்டோல பார்த்திருக்கா. போட்டோகிராஃபர்கிட்டயும் பேசியாச்சு. மாமா சரின்னுட்டாரே, சொல்லலையா?"

அம்பி ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்த தகப்பனின் முகம்.

ஸ்ரீரஞ்சனி போன பிறகு ஜானு சொன்னாள்: "அந்தக் கதவைச் சரி பண்ணாம நான் அதுல ஏற மாட்டேன்."

"கதவுக்கு என்ன? தூக்கிச் சாத்தினா சாத்திக்கறது."

"தூக்கித்தான் சாத்தணும்னா அது கதவு இல்லைன்னா. மூட்டை."

லாரன்ஸின் கொட்டகை சாந்தோமில், கடலுக்குப் போகிற ஒரு சந்தின் முனையில் இருக்கிறது. டிங்கர் வேலை, பூட்டு வேலை, கண்ணாடி ஏற்றி இறக்குகிற வேலை. வாய் ஓயாது. அம்பி வண்டியை நிறுத்தியதும் லாரன்ஸ் கதவை ஒரு தரம் திறந்தார். திறந்த கதவு தானாக இரண்டு விரற்கடை இறங்கி நின்றது.

"இன்னா சார் இது, சலாம் போடுது?"

"தூக்கிப் பிடிக்கணும் லாரன்ஸ். ஒரு டெக்னிக் இருக்கு."

"டெக்னிக்கா? கீலு செத்துப் பூட்சு சார். எப்பவோ." லாரன்ஸ் கதவின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கீல் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. "மாமி, வந்து பாரு. இது துரு இல்ல, பவுடரு. கடல் காத்து துன்ட்டு மிச்சம் வச்சிக்கீது."

ஜானு பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. "சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"முடியும். ஓட்டையப் பெருசு பண்ணி உள்ள புஷ்ஷு, சின்னக் குழா மாரி, அடிக்கணும். புதுப் பின்னு கடையணும். டிரைவர் பக்கமும் இதே கதிதான் கீது. ரெண்டையும் சேர்த்து..."

"என் பக்கம் வேண்டாம்" என்றார் அம்பி. "எனக்குப் பழகிப் போச்சு. கையே தூக்கிடறது."

"என் பக்கத்தை முதல்ல பண்ணுங்கோ லாரன்ஸ். நாளே இல்லை" என்றாள் ஜானு.

கதவைக் கழற்றுவதற்கே ஒரு பொழுது போனது. கீலை வண்டியின் கதவுத் தூணோடு பிடித்திருந்த திருகாணிகள் நகர மறுத்தன. லாரன்ஸ் எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், திருப்புளியின் தலையில் சுத்தியலால் தட்டினார், வண்டி செய்தவனின் பரம்பரையை விசாரித்தார். அம்பி பக்கத்தில் நின்று கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் தாடி வைத்த ஒருவர், இவர்கள் அடுக்ககம் அளவுக்குப் பெரிய கொட்டகையில், இதே மாதிரிக் கீலைச் சிரித்த முகமாகக் கழற்றுகிறார்.

"பாரு லாரன்ஸ், எவ்வளவு ஈஸியா வரது."

"அவன் ஷெட்டுல ஏசி கீது சார். என் ஷெட்டுல எலி கீது. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்கிற."

வெளியே வந்த கீலை ஜானு கையில் வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஓடும் கம்பி, இவர்கள் பின் என்று சொல்வது, இரண்டு முனையிலும் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருந்தது. அது செருகியிருந்த துளை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டிருந்தது. எவ்வளவு தரம் திறந்து மூடியிருந்தால் இரும்பு இப்படி ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். தன் தோளும் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததும் கீலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பின் கடைய கிண்டிக்குப் போக வேண்டும். அங்கே தொழிற்பேட்டையில் லாரன்ஸுக்குத் தெரிந்த லேத்துப் பட்டறை ஒன்று உண்டு. நானே போகிறேன் என்று அம்பி கிளம்பினார். வேண்டாம் என்று ஜானுவும் சொன்னாள், லாரன்ஸும் சொன்னார். இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் அம்பிக்கு அதைச் செய்தே ஆக வேண்டும்.

போய்விட்டு வந்தார். வெள்ளைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பளபளவென்று பின்னும் புஷ்ஷும். லாரன்ஸ் பின்னைக் கீலுக்குள் விட்டார். அது பல் விழுந்த வாயில் நாக்கு மாதிரி ஆடியது.

"அளவு எங்க எடுத்த சார்?"

"பின்னுலதான். காலிப்பர் வச்சு."

"பின்னுல எங்க?"

அம்பி பழைய பின்னை எடுத்து நடுப்பகுதியைக் காட்டினார். தேய்ந்து மெலிந்த இடம்.

லாரன்ஸ் அங்கேயே ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தேஞ்ச எடத்துல அளவு எடுத்துக் குடுத்துக்கீற. அவனும் தேஞ்சது மாதிரியே புச்சா கடைஞ்சி குடுத்துக்கீறான். நோயாளிக்கு அளவு எடுத்து பயில்வானுக்குச் சட்டை தச்சா எப்டி சார்?"

ஜானு ஆட்டோவைக் கூப்பிட்டாள். வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது என்று தெரியும். வீட்டுக்குப் போய் உளுந்தை வறுத்தாள். கருகிப்போனது. தாயம்மா வாணலியை வாங்கிக் கீழே இறக்கி, "சாரு மேல இருக்கற கோவத்த உளுந்து மேல காட்டாத மாமி. உளுந்து இன்னா பண்ணும்?" என்றாள்.

இரண்டாம் முறை லாரன்ஸே கிண்டிக்குப் போனார். பட்டறைக்காரர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். அவர் வந்தார், மின்சாரம் போனது. மின்சாரம் வந்தது, லாரன்ஸின் மாமனார் மருத்துவமனையில் சேர்ந்தார். ஜானு தினமும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கைபேசியில் கூப்பிட்டாள். "வந்துக்கினே கீது மாமி" என்பார் லாரன்ஸ். எது வந்துக்கினே கீது, எங்கிருந்து வந்துக்கினே கீது என்று அவர் சொன்னதில்லை. கதவில்லாத வண்டி சாந்தோம் சந்தில் நின்றது. அதன் ஆசனத்தில் ஒரு பூனை குடியேறியது.

இதற்கிடையில் முறுக்கு நடந்தது. இந்தத் தடவை ஜானு யாரோடும் பேசாமல் சுற்றினாள். பதினொரு சுற்று, ஒன்றைப்போல ஒன்று. தாயம்மா எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். ஆறியதும் நடுவில் தாள் வைத்து அடுக்கினார்கள். அடுக்கி முடித்துவிட்டு இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். இனி இதைக் கெடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரியும். அது சாந்தோமில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை லாரன்ஸ் கூப்பிட்டார். "மாட்டியாச்சு. வந்துரு."

ஜானு கையில் மாவோடு கிளம்பினாள். தாயம்மாவும் வந்தாள். அம்பி முன்னாடியே போயிருந்தார். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளைச் சுற்றி ஆட்டோ எங்கெங்கோ போய்ச் சேர்ந்தபோது, இரண்டு ஆண்களும் வண்டியின் முன் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கதவு மாட்டியிருந்தது. கம்பீரமாக நின்றது. திறந்தால் இறங்கவில்லை. லாரன்ஸ் ஒரு விரலால் ஆட்டிக் காட்டினார், ஆடவில்லை. சாத்தினார். கதவு தூணில் முட்டி, டொங்கென்று திரும்பி வந்தது.

"பூட்டு பிடிக்கலை மாமி" என்றார் லாரன்ஸ். முதல் முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "கதவு மேல நிக்குது. நாக்கு தகட்டுக்கு மேல போய் இடிக்குது. புஷ்ஷு சரி, பின்னு சரி. எப்டின்னே தெரியல."

"கீலை ஒசத்தி மாட்டிட்டான்" என்றார் அம்பி. "நான் அப்பவே சொன்னேன். வீடியோல என்ன பண்ணினான்னா..."

"சார், வீடியோவ மூடு. அதே ஓட்டைல அதே திருகாணிய மாட்டிக்கீறேன். ஒசத்தறதுக்கு எடம் ஏது?"

"அப்போ எப்படி மேல போகும்?"

"அதான் தெரியலன்றேன்ல! இப்ப வழி ஒண்ணுதான். கட்டைய முட்டுக் குடுத்து கீல வளைக்கிறேன். கொஞ்சம் தொங்கினா நாக்கு தகட்டுல வந்து வுழுந்துரும்."

அவர் ஒரு நீண்ட கடப்பாரையை எடுத்துவிட்டார். அம்பி தலையாட்டினார். அதுவரை ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதவர் இதை மட்டும் ஒத்துக்கொண்டார்.

ஜானு கதவைப் பார்க்கவில்லை. கதவு வந்து முட்டுகிற தூணைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அந்த ஆசனத்தில் உட்கார்ந்து, தாயம்மா அறையும்போதெல்லாம் அவள் கண் அந்த இடத்தில்தான் இருக்கும். தூணில் பூட்டின் நாக்கு போய் மாட்டுகிற தகடு. தகட்டுக்கு மேலே வண்ணம் கொஞ்சம் வேறு பச்சை. சாம்பார் சிந்தித் துடைத்த இடம் மாதிரி.

அவளுக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. திறந்த கதவோரம் குந்திக்கொண்டு, அங்கே காட்டு, இங்கே காட்டு, கை ஆடறதே, என்று அம்பி அவளை டார்ச் பிடிக்க வைத்த மத்தியானம். அடுப்பில் பாகு முற்றிப்போன மத்தியானம்.

"லாரன்ஸ், கடப்பாரையைக் கீழ போடுங்கோ" என்றாள்.

"ஏன் மாமி?"

"ஏன்னா, இந்தத் தகட்டை யாரு கீழ எறக்கினா?"

அம்பி கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது. ஒரு சுவரும் அதில் காய்கிற வலையும்தான் தெரியும்.

"உங்களைத்தான் கேக்கறேன். நான்தானே டார்ச் பிடிச்சேன்?"

"கதவு எறங்கிடுத்து. பூட்டு பிடிக்கலை. தகட்டையும் முடிஞ்ச மட்டும் எறக்கினேன், மிச்சத்துக்குத்தான் தூக்கறது. அது ஒரு சொல்யூஷன்" என்றார் அம்பி. "பழைய வண்டிக்காரா க்ளப்புல எல்லாரும் பாராட்டினா."

லாரன்ஸ் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். ஒரு திருப்புளியை எடுத்துத் தகட்டுக்கு மேலே இருந்த வேறு பச்சையைச் சுரண்டினார். பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய துளைகள், அழகாக, தூர்ந்துபோகாமல் இருந்தன.

"ராத்திரி பூரா மாதாவ வேண்டிக்கினு தூங்கல சார் நானு" என்றார் அவர். "என் கைல கோளாறுன்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"நீ கேக்கலையே."

"இத்த எவன் கேப்பான்?"

"உன் கைலயும் பாதி கோளாறுதான் லாரன்ஸ்" என்றாள் ஜானு. "தகட்டை ஒரு தரம் உத்துப் பார்க்காம கடப்பாரையை எடுத்தேளே. இன்னும் கொஞ்சம் விட்டா புதுக் கீலைப் பழைய கீலாக்கியிருப்பேள். போறும், மாட்டுங்கோ. மத்தியானம் கிளம்பணும்."

தகடு பழைய இடத்துக்கு ஏறியது. லாரன்ஸ் விலகி நின்றார். ஜானு ஏறி உட்கார்ந்து, மடிமேல் தாம்பாளம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இடது கையின் இரண்டு விரலால் கதவை இழுத்தாள். டக். அவ்வளவுதான். பேனா மூடி மாதிரி. மறுபடி திறந்து மறுபடி இழுத்தாள். டக்.

அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, "நானும் ஒரு தபா பாக்கறேன்" என்று தாயம்மா முன்னால் வந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள், இடுப்பைக் கொடுத்தாள், தூக்கினாள், அறைந்தாள். கதவு இடித்துக்கொண்டு திரும்பியது. தூணிலிருந்து ஒரு சில்லு வண்ணம் தெறித்தது.

"தூக்காதம்மா!" லாரன்ஸ் அலறினார்.

"நா எங்க தூக்கினேன்? கை தூக்குது."

அடுத்தது அம்பி. தூக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போய்த் தூக்கினார்.

"தூக்காதேங்கோ!" என்றாள் ஜானு. "நல்ல கதவைத் தூக்கித் தூக்கியே கொல்லப் போறேள். இனிமே இதை யாரும் தொடக் கூடாது. நான் மட்டும். கேட்டேளா? தொடறதா இருந்தா தூக்கக் கூடாது, அறையக் கூடாது, ஒரு விரல். எங்கே, சொல்லுங்கோ."

"ஒரு விரல்" என்றார் அம்பி.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். சாப்பிடும்போதும் சொன்னாள். அவர் வேட்டி மாற்றிக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். கிளம்பும்போது அம்பி பழக்கதோஷத்தில் இடப்பக்கம் சுற்றி வந்தார். அவள் பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினார். தாயம்மா தாம்பாளத்தை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டியபடி நாலடி தள்ளிப் போய் நின்றாள். ஜானு இரண்டு விரலால் இழுத்தாள். டக். முறுக்கு எழுந்து உட்காரவில்லை. பருப்புத் தேங்காயும் லட்டுக் கூடைகளும் தாயம்மாவும் பின்னால் ஏறினார்கள்.

தி.நகர் போய்ச் சேர்வதற்குள் ஆழ்வார்பேட்டையில் இரண்டு பேர் வண்டியை வீடியோ எடுத்தார்கள். அம்பி அவர்களுக்காக மெதுவாகப் போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நந்தனம் சிக்னலில் ஒருவர் ஜன்னலருகே வந்து, "இன்னா மாமா, தாத்தா வண்டியா?" என்று கேட்டார். அம்பி வண்டியின் வரலாற்றை ஆரம்பித்தார். "பச்சை விழுந்தாச்சுன்னா!" என்றாள் ஜானு. அவள் கண் முழுக்கத் தாம்பாளத்தின் மேல் இருந்தது.

மண்டப வாசலில் போட்டோகிராஃபர் காத்திருந்தார். வாழை மரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஜானு கதவைத் திறந்து தாம்பாளத்தோடு காலை வெளியே வைத்தாள்.

"சூப்பர் மாமி. ஒன் மோர். மறுபடி உள்ள போய் உக்காந்து, சாத்தி, திறந்து இறங்குங்க. இங்க பாத்து சிரிங்க."

"இது முறுக்குப்பா. உன் பொம்மை இல்லை."

"ஒரே ஒரு தடவ மாமி. கதவு க்ளோஸ் ஆகற ஷாட் வேணும்."

போன ஆவணியாக இருந்தால் அவள் அவர் கேமராவை வாங்கிக் கீழே வைத்திருப்பாள். இப்போது ஏறி உட்கார்ந்தாள். டக். இறங்கினாள். "லைட் போயிடுச்சு, ஒன் மோர்." மறுபடி ஏறினாள். டக். சிரிக்கச் சொன்னதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளே சீர் வைக்கிற இடத்தில் ஸ்ரீரஞ்சனி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிள்ளையின் அம்மா, கெட்டிக்கரைப் புடவையில், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தாம்பாளத்தின் முன் வந்தாள். மேல் முறுக்கை இரண்டு கையாலும் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றுகளை எண்ணினாள். உதடு அசைந்தது. கீழே இருந்ததையும் எடுத்தாள். அதற்குக் கீழே இருந்ததையும். அந்த அம்மாள் எல்லாவற்றையும் எடுத்தபடியே திருப்பி அடுக்கிவிட்டு, "எந்தாத்து மாமி பண்ணினா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் ஜானு.

"ம்" என்றாள் அந்த அம்மாள். பிறகு தன் பக்கத்தில் நின்றவளிடம், "நம்ம ஸ்ரீதர் பொண்ணுக்கு நம்பர் வாங்கி வச்சுக்கோ" என்றாள்.

ஸ்ரீரஞ்சனி கையைப் பிசைவதை நிறுத்தினாள்.

அப்போதுதான் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, தெருவே சேர்ந்து அடிக்கிற சத்தம். நடுவில் போலீஸ் விசில். தாயம்மா ஓடிவந்தாள். "மாமி, சாரு ரோட்ட அடச்சிக்கினு நிக்கறாரு. வண்டிய நவுத்தச் சொன்னா ஏறி உக்காந்துக்கினு இன்னாவோ பண்ணிக்கினு கீறாரு."

ஜானு வாசலுக்கு வந்தாள். பிக்கப் தெருவின் குறுக்கே பாதி திரும்பி நின்றது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதன் பின்னால் தி.நகர் முழுவதும். அம்பி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பக்கக் கதவை ஒரே ஒரு விரலால், மிக மெதுவாக, இழுத்தார். கதவு வந்து தூணைத் தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திறந்துகொண்டு இரண்டு விரற்கடை இறங்கியது. மறுபடி ஒரு விரலால் இழுத்தார். மறுபடி இறங்கியது. காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பியின் முகத்தில் வியர்வை. ஆனால் விரல் ஒன்றுதான்.

"ஏன்னா!" ஜானு படிக்கட்டிலிருந்து கத்தினாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அது பழைய கதவு! தூக்கிச் சாத்துங்கோ! தூக்கி!"

அம்பி அவளைப் பார்த்தார். சின்னப் பையனுக்கு விளையாடப் போகலாம் என்று சொன்னது மாதிரி முகம் மலர்ந்தது. கைப்பிடியைப் பிடித்தார், தூக்கினார், அறைந்தார். வாழை மரம் ஆடியது. வண்டி நகர்ந்தது. பின்னால் தி.நகரும் நகர்ந்தது.

ஜானு சட்டென்று திரும்பி உள்ளே பார்த்தாள். தாம்பாளம் இருந்தபடியே இருந்தது.

"அந்தப் பக்கமும் கீலு மாத்திரணும் மாமி" என்றாள் தாயம்மா. "நாளைக்கே லாரன்ஸாண்ட சொல்லிரு."

"வேண்டாம்" என்றாள் ஜானு. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது அவர் கதவு. தூக்கட்டும்."